வடதுருவப் பனி கூறும் சாட்சியம்

குறுவை நடவு முடிந்து, இளம் பயிர் பச்சை பிடிக்கும் நாள்களில், வயல் நீரின்மேல் மிதக்கும் சிறியதொரு செடியை நம் தஞ்சைத் தரணி உழவர்கள் நன்கறிவர். அசோலா என்பது அதன் பெயர். மூக்குத்தியைப் போலவும் கம்மலைப் போலவும் காணப்படுவதால், மூக்குத்திச் செடி என்றும் கம்மல் பாசி என்றும் அதனை அழைப்பாருளர். அதன் இலைக் குழிகளில் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து, பயிருக்குத் தழைச்சத்தாக்கித் தருகின்றது. தேங்கிய நீரும் இளஞ்சூடும் வாய்த்தால், சில நாள்களிலேயே இருமடங்காகப் பெருகும் இயல்புடையது. உரச் செலவைக் குறைக்கவும், கறவை மாடுகளுக்குத் தீவனமாகவும் இன்று பல வீடுகளில் அதனைத் தொட்டிகளில் வளர்த்து வருகின்றனர்.

இச்செடியின் எச்சங்கள் செறிந்து, எட்டு மீட்டருக்குக் குறையாத கனத்தில் படிந்து கிடக்கும் இடம் ஒன்று உலகில் உண்டு. அது வெப்ப நாடுகளின் சதுப்பு நிலம் எதுவுமன்று. வடதுருவத்துக்கு மிக அருகே, பனிப்பாளங்கள் மிதக்கும் ஆர்க்டிக் பெருங்கடலின் அடித்தளத்தில் அது இருக்கின்றது! நம் வயலில் வளரும் செடி, ஒரு காலத்தில் துருவக் கடலை மூடி வளர்ந்தது என்றால், அக்காலத்தில் அந்தக் கடல் எத்துணை வெதுவெதுப்பாய் இருந்திருக்க வேண்டும்!

இதனைக் கேட்டவுடன் ஒரு வினா எழுவது இயல்பே. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கரியும் எண்ணெயும் எரிப்பாரின்றியே வடதுருவம் வெப்பமடைந்தது உண்மையானால், இன்றைய வெப்பத்துக்கு மட்டும் மனிதன்மேல் பழி சுமத்துவது ஏன்? தேநீர்க் கடைப் பலகையிலும், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்திலும், இளைஞர் கைகளில் தவழும் கைப்பேசியிலும் இவ்வினா இன்று உலவி வருகின்றது. இதனை ஏளனம் செய்து ஒதுக்குதல் முறையன்று. வினா நேர்மையானது, விடையும் நேர்மையாய் அமைதல் வேண்டும். ஆகவே, சாட்சிகளை ஒவ்வொருவராய் அழைத்து விசாரிப்போம்.

பாறை ஏட்டைப் படித்த ஆயர்

மண்ணும் பாறையும் அடுக்கடுக்காய்ப் படிபவை. கலைக்கப்படாத வரையில் அடியிலிருப்பது மூத்தது, மேலிருப்பது இளையது. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் எளிதாய்த் தோன்றும் இவ்விதியை 1669-இல் நூலாக எழுதி நிலைநாட்டியவர் டென்மார்க் நாட்டவரான நிக்கோலாஸ் ஸ்டெனோ. மலைப்பாறைகளில் கிடைத்த ஒருவகைக் கற்கள் பண்டைச் சுறாமீன்களின் பற்களே என்று காட்டியவரும் அவரே. லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர், 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1675-இல் குருவானார், 1677-இல் ஆயரானார், ஏழைகளுக்கு உள்ளதையெல்லாம் வழங்கி, வறியவராய் 1686-இல் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். பூமியின் நெடிய வரலாற்றைப் படிப்பது விசுவாசத்துக்கு மாறானதோ என்று அஞ்சுவோர், இந்த ஆயரை நினைவில் கொள்வார்களாக.

அவர் கற்பித்த பாடத்தைப் படிக்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே அரியலூர்ப் பக்கம் சென்றால், சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டும் பள்ளங்களில், கடற்கிளிஞ்சல்களும், நத்தைபோல் சுருண்ட ஓடுகளும் கல்லாய்ச் சமைந்து கிடப்பதைக் காணலாம். ஏழு முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், அப்பகுதி கடலாய் இருந்தது. உலகெங்கும் வெப்பம் மிகுந்திருந்த காலம் அது. துருவங்களில் இன்றுள்ளவை போன்ற பெரும் பனிப்படலங்கள் இல்லை; கடல்மட்டம் மிக உயர்ந்திருந்தது. ஆக, பூமி தானாகவே வெப்பமுற்ற காலங்கள் உண்டு என்பதற்கு அரியலூர்க் கல்லே முதற் சாட்சி.

துருவக் கடலில் வயற்பாசி

இனி வடதுருவத்துக்குச் செல்வோம். 2004-ஆம் ஆண்டுக் கோடையில், பல நாட்டு அறிவியலாளர்கள் மூன்று கப்பல்களில் ஆர்க்டிக் கடலுக்குச் சென்றனர். துருவத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், ஒரு கப்பல் நின்று கடலடியைத் துளைத்தது. அணுசக்தியால் இயங்கும் ரஷ்யக் கப்பல் உள்ளிட்ட மற்ற இரண்டும், நெருங்கி வரும் பனிப்பாளங்களை உடைத்து அதற்குக் காவல் நின்றன. கடலடியின்கீழ் 400 மீட்டருக்கு மேல் துளைத்து, மண்ணை நீண்ட உருளைகளாக வெளியே எடுத்தனர்.

அந்த உருளைகள் கூறிய கதை வியப்புக்குரியது. ஏறத்தாழ 5 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், துருவக் கடலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 18 டிகிரி செல்சியஸிலிருந்து 23 டிகிரிக்கு மேல் உயர்ந்தது. பின்னர், சுமார் 4 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், நாற்புறமும் நிலத்தால் பெரிதும் அடைபட்டிருந்த அக்கடலின்மேல் மழை நீரும் ஆற்று நீரும் பரவி நின்றபோது, அசோலா செழித்து வளர்ந்தது. வளர்ந்தது, மடிந்தது, அடியில் படிந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் ஆண்டுகள் இது தொடர்ந்தது. மடிந்த செடிகளோடு அவை காற்றிலிருந்து கவர்ந்த கரியமிலவாயுவின் கரியும் கடலடியில் புதைந்தது. பூமி பின்னர்க் குளிர்ந்ததில் இச்சிறு செடிக்கும் பங்குண்டு எனக் கருதுவோர் உளர்.

கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் முதலை இனத்தின் எலும்புகள் கிடைத்துள்ளன. அண்டையிலுள்ள ஆக்சல் ஹைபர்க் தீவில், கல்லாகவும் மாறாமல் மரமாகவே எஞ்சிய பண்டைக் காட்டின் அடிமரங்கள் நிற்கின்றன. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளில் நியூ ஆலசுண்டு என்ற சிற்றூரில், 2008 ஜூலை முதல் நம் இந்திய நாட்டின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இயங்கி வருகின்றது. அவ்வூர் முன்னர் நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே தோன்றியது. பனி மூடிய தீவில் நிலக்கரி எங்ஙனம் வந்தது? காடு இருந்தாலன்றோ கரி உண்டாகும்! ஆதலால் துருவத்து நிலக்கரியும் பண்டைய வெப்பத்துக்கு ஒரு சாட்சி. இந்தச் சாட்சியை மீண்டும் அழைப்போம். வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

மறந்துபோன மண்சாடிகள்

கோடி ஆண்டுக் கணக்கை விட்டு, சற்று அண்மைக் காலத்துக்கு வருவோம். கிரீன்லாந்து என்னும் மாபெரும் தீவின்மேல், சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பனி குவிந்துள்ளது. ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காய் இறுகி உண்டானது அது. வெப்பமான ஆண்டில் பெய்த பனியில் கனத்த வகை ஆக்சிஜன் சற்று மிகுந்தும், குளிர்ந்த ஆண்டில் பெய்ததில் குறைந்தும் இருக்கும். இதனை அளந்து, பண்டைய வெப்பநிலையைக் கணிக்கும் வழியைக் கண்டவர் டென்மார்க் அறிஞர் வில்லி டான்ஸ்கார்டு. ஸ்டெனோ பாறையில் படித்த அதே பாடத்தை, அவருடைய நாட்டவர் ஒருவர் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பனியில் படித்தார்!

1966-இல், கிரீன்லாந்தின் வடமேற்கில் ‘கேம்ப் செஞ்சுரி’ என்ற அமெரிக்கப் படை முகாமில், ஏறத்தாழ 1,390 மீட்டர் பனியைத் துளைத்து அடிமண்ணையும் சிறிது எடுத்தனர். பனியை அனைவரும் ஆராய்ந்தனர். மண்ணையோ கண்ணாடிச் சாடிகளில் இட்டு வைத்து மறந்தே போயினர். 2017-இல் அச்சாடிகள் கோபன்ஹேகன் நகரத்துக் குளிர் அறையில் மீண்டும் கண்ணில் பட்டன. மண்ணைக் கழுவிப் பார்த்தபோது, சின்னஞ்சிறு இலைகளும் குச்சிகளும் தென்பட்டன! ஒன்றரைக் கிலோமீட்டர் பனி இன்று அமர்ந்திருக்கும் இடத்தில், ஏறத்தாழ நான்கு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகிச் செடி முளைத்திருந்தது என 2023-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அக்காலத்தில் காற்றிலிருந்த கரியமிலவாயுவின் அளவு, இன்றுள்ளதினும் மிகக் குறைவு என்பது கவனிக்கத்தக்கது.

அதற்குப்பின் மற்றுமொரு வெப்பகாலம், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் வந்தது. கிரீன்லாந்து இன்றைவிடப் பல டிகிரி வெப்பமாய் இருந்தது. உலகக் கடல்மட்டமோ இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் வரை உயர்ந்து நின்றது. இந்த எண்ணை நாம் பின்னர்த் திரும்ப நோக்குவோம்.

கடைசிப் பனியுகம் முடிந்த பின்னரும் ஒரு வெப்பகாலம் நிலவியது. பூமியின் அச்சுச் சாய்வும், கதிரவனைச் சுற்றும் பாதையும் பல்லாயிரம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக மாறுபவை. ஏறத்தாழ 11,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை, வடபாதி உலகுக்குக் கோடைக் கதிரொளி இன்றைவிட மிகுதியாய்க் கிடைத்தது. சைபீரியாவில் மரங்கள் இன்றைய எல்லைக்கு வடக்கே வளர்ந்தன. ஸ்வால்பார்டுக் கடலில் வெப்பம் நாடும் ஒருவகை நீலச் சிப்பிகள் வாழ்ந்தன. அதே கதிரொளி, நம் தென்மேற்குப் பருவமழையையும் வலுப்படுத்தியது என்பதற்கு அரபிக்கடலின் அடிமண் சான்று பகர்கின்றது. குடகு மலையில் பெய்யும் மழையும், துருவத்துப் பனியும் ஒரே கதிரவனின் கணக்குக்கு உட்பட்டவை. வடதுருவம் நமக்கு அந்நிய தேசம் என்று எண்ண வேண்டா.

பனிநாட்டில் ஒரு மறைமாவட்டம்

மனித வரலாற்றிலிருந்தும் ஒரு சாட்சியை அழைக்கலாம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், செம்மயிர் எரிக் என்ற தலைவனுடன் ஐஸ்லாந்து மக்கள் சிலர் கிரீன்லாந்தின் தென்கரையில் குடியேறினர். எரிக்கின் மனைவி த்யோத்ஹில்டு, கிறிஸ்துவை ஏற்று அங்கு முதல் ஆலயத்தை எழுப்பினாள் என்பது அவர்களுடைய மரபு. 1124-இல் அந்நாட்டுக்கென ஆயர் ஒருவர் அபிஷேகம் பெற்றார். கார்தார் என்ற இடத்தில் புனித நிக்கோலாசின் பெயரால் பேராலயம் எழுந்தது. அங்கே ஏறத்தாழ நூறு மாடுகள் கட்டும் தொழுவங்களின் அடித்தளம் இன்றும் காணக் கிடக்கின்றது. காசு பணம் வழங்காத நாடாகையால், காணிக்கையாக மாட்டுத்தோலும், கடல்நாய்த் தோலும், வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தமுமே வந்து சேர்வதாக 1282-இல் திருத்தந்தை நான்காம் மார்ட்டின் எழுதிய மடல் குறிப்பிடுகின்றது.

1408 செப்டம்பரில் ஹ்வால்சே ஆலயத்தில் ஒரு திருமணம் நடைபெற்றது. இன்று நம் பங்குகளில் செய்வது போலவே, மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்து, அதன்பின் நடத்திய திருமணம்! அக்குடியேற்றத்தைப் பற்றிய கடைசி எழுத்துச் சான்று இதுவே. பின்னர் அம்மக்கள் மறைந்தனர். 1921-இல் ஹெர்யோல்ஸ்னெஸ் என்ற இடத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிய டென்மார்க் அறிஞர் பால் நோர்லுண்டு, உறைந்து கிடந்த மண்ணில் சவப்பெட்டிகளையும் ஆடைகளையும் செடிகளின் வேர்கள் ஊடுருவியிருக்கக் கண்டார். அவர்களை அடக்கம் செய்த காலத்தில் மண் இளகியிருந்தது, பிற்காலத்தில் உறைந்தது என்பதற்கு அவ்வேர்களே சான்று.

ஆயினும் இச்சாட்சியை அளவோடு கொள்ளல் வேண்டும். அந்த இடைக்கால வெப்பம் உலகெங்கும் ஒரே காலத்தில் நிலவியதன்று. ஒரு பகுதியில் ஒரு நூற்றாண்டிலும், பிறிதொரு பகுதியில் மற்றொரு நூற்றாண்டிலும் உச்சமடைந்தது. குடியேற்றம் அழிந்ததற்கும் குளிர் ஒன்றே காரணமன்று. தந்த வாணிகம் நலிந்தமையும், கப்பல் வரவு நின்றமையும் சேர்ந்தே அவர்களை வாட்டின. 1920-களிலும் ஸ்வால்பார்டுப் பக்கம் பனி பின்வாங்கியது. 1922-இல் பெர்கன் நகரிலிருந்த அமெரிக்கத் தூதர் ஒருவர் அதனை வியந்து அறிக்கை அனுப்பினார். அந்த வெப்பத்தில் காற்று, கடல்நீரோட்டம் ஆகியவற்றின் இயற்கையான ஏற்ற இறக்கத்துக்குப் பெரும் பங்கு இருந்தது.

உடைப்பு எப்படி வந்தது?

சாட்சிகள் அனைவரும் ஒரே குரலில் கூறுவது இதுதான்: வடதுருவம் மனிதனின் துணையின்றியே பன்முறை வெப்பமடைந்தது. இதனை மறுக்க வேண்டியதில்லை; அறிவியலாளர் மறுத்ததுமில்லை. நமக்கு இச்செய்தியைத் தந்தவர்களே அவர்கள்தாமே!

எனினும், இதிலிருந்து இன்றைய வெப்பமும் இயற்கையே என்று முடிவு கட்டலாமா? காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதை விளக்க ஓர் உவமை போதும். ஆற்றில் பெருவெள்ளம் வந்து கரை தானாக உடைவதுண்டு. நம் முன்னோர் காலத்திலும் உடைந்தது. அதனால், ஒருவன் நள்ளிரவில் மண்வெட்டியால் கரையை வெட்டி விட்ட உடைப்பையும் இயற்கையின் செயல் என்போமா? உடைந்த வாயைப் பார்த்தாலே நீர் அரித்ததா, மண்வெட்டி வெட்டியதா என்பது அனுபவமுள்ள உழவனுக்குத் தெரியும். அங்ஙனமே காற்றிலும் தடயங்கள் உள்ளன.

முதற் தடயம்: கரியின் வகை. உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கரி சிறிதளவு உண்டு. கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றும் அழிந்துவிடும். காற்றில் அக்கரியின் விகிதம் குறைந்து வருவதை 1950-களில் ஹான்ஸ் சூயஸ் என்ற அறிஞர் மரங்களில் அளந்து காட்டினார். காற்றில் மிகுந்து வருவது புதைபடிவ எரிபொருளின் புகையே என்பது இதனால் உறுதியாயிற்று.

இரண்டாம் தடயம்: கதிரவன். வெப்பம் கதிரவனால் மிகுமானால், வளிமண்டலம் அடிமுதல் முடிவரை சூடாக வேண்டும். நடப்பதோ வேறு, கீழ்க்காற்று சூடாகின்றது, மேலடுக்கு குளிர்கின்றது. போர்வை போர்த்தினால் உள்ளே வெப்பம் தங்கி, வெளியே குளிர்வது போன்றதே இது. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் கதிரவனைப் படம் பிடித்து வருகின்றது. கதிரவன்மேல் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் பதினோர் ஆண்டுக்கொரு முறை கூடியும் குறைந்தும் வருகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் பூமி விரைவாகச் சூடேறியதை விளக்கும்படியான பெருக்கம் எதுவும் கதிரவனிடம் காணப்படவில்லை.

மூன்றாம் தடயம்: வேகம். அண்டார்க்டிகாவின் பனிக்குள் அடைபட்ட பண்டைக் காற்றுக்குமிழிகளை ஆராய்ந்ததில், கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளாக, தொழிற்சாலைக் காலம் வரை, பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு 300 பங்கைத் தாண்டியதில்லை எனத் தெரிகின்றது. தொழிற்சாலைகள் பெருகுமுன் அது 280 பங்கு. 2024-இல் 420 பங்குக்கும் மேல். ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் துருவக் கடலை 23 டிகிரிக்குக் கொண்டுபோன அந்தப் பெருவெப்பத்திலும்கூட, கரி காற்றில் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாமோ அதனினும் ஏறத்தாழ பத்து மடங்கு வேகத்தில் சேர்க்கின்றோம்.

விளைவும் கண்கூடு. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. 1980-இல் கோடை முடிவில் எழுபது இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருந்த கடற்பனி, 2012-இல் ஏறத்தாழ 34 இலட்சமாய்ச் சுருங்கியது. ஆயிரம் ஆண்டுகளாய் ஸ்வால்பார்டில் காணப்படாத நீலச் சிப்பி, 2004-இல் மீண்டும் அங்கே காணப்பட்டது.

இப்போது நிலக்கரிச் சாட்சியை மீண்டும் அழைப்போம். துருவத்துக் கரியும், நம் அண்டையிலுள்ள நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், பண்டைக் காடுகள் காற்றிலிருந்து கவர்ந்து மண்ணுக்குள் பூட்டி வைத்த பொருளே. கோடி ஆண்டுகளாய்ப் பூட்டியதைச் சில தலைமுறைகளில் திறந்து எரித்து விட்டோம். அதனால் நம் வீடுகளுக்கு விளக்கு வந்தது, இறைவை எந்திரம் ஓடியது; இந்நன்மைகளை மறுப்பது நன்றியின்மை. ஆயின் அதன் விலையையும் அறிய வேண்டும் அல்லவா?

கடல் அடங்கிய காலத்தின் பிள்ளை

பண்டைய வெப்பகாலங்களை எண்ணி ஆறுதல் கொள்வோர், அக்காலங்களில் கடல் என்ன செய்தது என்பதையும் கேட்க வேண்டும். மிதக்கும் கடற்பனி உருகுவதால் கடல் உயர்வதில்லை. விளிம்புவரை நீர் நிரம்பிய குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினாலும் நீர் வழியாதது போல. நிலத்தின் மேலுள்ள பனி உருகிக் கடலில் சேர்ந்தால்தான் கடல் உயரும். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால், உலகக் கடல் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகலாம். எனினும் தொடங்கிய பின் நிறுத்துதல் அரிது.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே செல்லும்படி நிலம் இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி, ஏழாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய நிலையில் அடங்கியது. உலகின் பெரிய ஆற்றுப் படுகைகள் பலவும் இன்றைய வடிவம் பெறத் தொடங்கியது அதன் பின்னரே. கடல் ஓடி ஓடி ஏறும் காலத்தில் ஆறு கொண்டுவரும் வண்டல் தங்குவதெங்கே? திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரை வரை வரிவரியாய்க் காணப்படும் மணல்மேடுகள், பண்டைக் கடற்கரைகளின் தடங்களே. அவற்றுள் உள்நாட்டிலுள்ளவை ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டு மூத்தவை.

ஆகவே, நம் காவிரிப் படுகை, கடல் அடங்கி நின்ற ஆறாயிரம் ஆண்டு அமைதியின் பிள்ளை. கல்லணையும், பெரிய கோயிலும், பூம்புகாரும், நாகைத் துறையும், வேளாங்கண்ணி அன்னையின் பேராலயமும், நாம் உழும் ஒவ்வொரு வேலி நிலமும் அந்த அமைதியின் மடியில் எழுந்தவை. 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் 6 முதல் 9 மீட்டர் உயர்ந்தபோது, அதனால் குடிபெயர ஊரில்லை, மூழ்க வயலில்லை. இன்றோ நாகை, வேதாரண்யம் பகுதிகளில் சில மீட்டர் உயரமே உள்ள நிலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர்.

கடல் உள்ளே வருவதென்றால் என்ன என்பதை 2004 டிசம்பர் 26 நமக்குக் கொடிய முறையில் கற்பித்தது. அது நிலநடுக்கத்தின் விளைவு. வந்தது, அழித்தது, திரும்பிச் சென்றது. இப்போது வருவதோ ஓசையின்றி வருவது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள், மனிதரின் நடத்தைக்கேற்ப, சுமார் 28 செண்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை மேலும் உயரக்கூடும். அணைகளில் வண்டல் தங்கிவிட, கடைமடைக்குப் புதுமண் வருவது குறைந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் நல்ல நீரை உறிஞ்ச, அவ்விடத்தை உப்பு நீர் நிரப்புகின்றது. உப்பேறிய கிணற்றையும், வெளிறிப்போன நாற்றையும் கடைமடை உழவன் அறிவான். அவனுக்குக் கடல்மட்டம் என்பது ஏட்டுச் செய்தியன்று.

நம் கையில் உள்ளவை

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்தார். 2023 அக்டோபர் 4-ஆம் நாள் வெளியிட்ட ‘லௌதாத்தே தேயும்’ என்னும் ஊக்கவுரையில், நாம் இங்கு ஆராய்ந்த இதே வினாவை எடுத்துக்கொண்டார். பூமி பண்டும் வெப்பமுற்றதே என்று கூறுவோர், இன்றைய மாற்றத்தின் அசாதாரணமான வேகத்தை மறந்து விடுகின்றனர் என்பது அவருடைய விடை. வேதாகமத்தின் தொடக்கத்திலும், தோட்டத்தைப் பயிரிடும் பணியும் பாதுகாக்கும் பணியும் சேர்த்தே மனிதனுக்கு அளிக்கப்பட்டன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

பெரிய நாடுகளும் பெரிய ஆலைகளுமே பெரும்பழிக்கு உரியன. கடைமடை உழவன் அல்லன். எனினும் நம் பங்கும் சிறிது உண்டு. எந்நேரமும் நீர் கட்டி நிற்கும் நெல்வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளிப்படுகின்றது. கரியமிலவாயுவினும் அது வெப்பத்தை வலிதாய்ப் பிடித்து வைப்பது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால், அவ்வாயு குறையும். மேட்டூர்த் தண்ணீரும் மிச்சமாகும். அசோலா இட்டு யூரியாவைக் குறைத்தால், உரச் செலவும் தணியும், உர ஆலையின் புகையும் தணியும்.

வரவிருப்பதைத் தாங்கும் ஆயத்தமும் வேண்டும். குழியடிச்சான், களர்பாலை போன்ற நம் பாட்டன்மார் நெல்வகைகள் உப்பு நிலத்தையும் தாங்கி விளைபவை. மறைந்து கொண்டிருந்த இத்தகைய விதைகளைத் தேடித் திரட்டி, திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்தி உழவர்க்கு வழங்கிய நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணி நம் கைகளில் உள்ளது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அதனை வெட்டாமல் காப்பதும், அது வளரும் கழிமுகங்களில் நல்ல நீர் ஓட விடுவதும் கடமை. பங்குகளில் உள்ள இளைஞர் இயக்கங்கள் தம் ஊர்க் கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் குறித்து வைத்தால், பின்வரும் தலைமுறைக்கு அதுவே ஒரு சாட்சியேடாகும்.

கிரீன்லாந்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து மணம் முடித்த அந்தத் தம்பதிகள், தங்கள் சந்ததி அம்மண்ணில் நிலைக்காது என்று எண்ணியிருக்க மாட்டார்கள். வரப்போகும் காலத்தை அறிவிக்கும் சாட்சி எதுவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கின்றது; அதுவும் பாறையிலும், பனியிலும், வேரிலும், வயற்பாசியிலும் இறைவனே எழுதி வைத்த சாட்சி. வரும் ஜூன் 12-இல் மேட்டூர் மதகு திறக்க வேண்டுமென நம் ஆலயங்களில் மன்றாடும்போது, கடைமடையின் கடைசி வயல் உப்பேறாதிருக்க வேண்டுமென்றும் மன்றாடுவோம். மன்றாடிய கையாலேயே அவ்வயலுக்கு ஆவன செய்வோம்.